கோல் காக்கும் கலை

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்களில், பெற்றோர் தாம் பிறந்த ஊரை நெஞ்சில் சுமந்து திரிவர். பிள்ளைகளோ தாம் வளரும் ஊரைக் காலில் கட்டிக்கொள்வர். கல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைக்குக் கால்பந்தாட்டம் உயிராகிவிடுகிறது. பஞ்சாபில் வளர்பவன் ஹாக்கி மட்டையுடன் உறங்குகிறான். மும்பையில் வளர்பவனுக்குத் தெருவெல்லாம் கிரிக்கெட் மைதானம். இவற்றைக் கண்டு நாம் வியப்பதில்லை. அந்தந்த மண்ணின் இயல்பு என்று அமைதி கொள்கிறோம். எம் வீட்டுப் பெண் காலில் கட்டிக்கொண்டதோ சறுக்குக் காலணி. அவள் ஆடுவது ஐஸ் ஹாக்கி. அதிலும் அவள் ஏற்றது கோல் காவலர் பொறுப்பு. அதை அவள் கற்றது பெரும்பாலும் காணொளிகளின் வழியாக. அக்கல்வியின் நன்மை தீமைகளை யாம் அருகிருந்து கண்டோம். பிறர்க்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

அலுவலகப் பணி காரணமாக 2018இல் யாம் லடாக்கின் தலைநகரான லே நகருக்குக் குடியேறினோம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. மார்கழி பிறந்துவிட்டால் இரவுக் குளிர் சுழியத்துக்குக் கீழே பதினைந்து, இருபது பாகை வரை இறங்கும். குழாய்களில் நீர் உறைந்துவிடும். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. வெளியூர்ப் பணியாளர் பலர் அந்நாட்களில் சமவெளிக்கு இறங்கிவிடுவர். எமக்கோ பணியின் தன்மை காரணமாக அங்கேயே தங்க நேர்ந்தது. வீட்டுக்குள் புகாரி அடுப்பைச் சுற்றி அமர்ந்திருப்பது பெரியவர்களால் முடியும். ஏழு வயதுச் சிறுமியால் முடியுமா? அண்டை வீட்டுப் பிள்ளைகள் உறைந்த குளத்துக்குப் போயினர். இவளும் போனாள். முதலில் ஒரு பழைய நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே பனியில் நடந்தாள். பிறகு நாற்காலி வேண்டாதவள் ஆனாள்.

லடாக்கில் ஐஸ் ஹாக்கி வேரூன்றிய கதை இனிமையானது. அங்குப் பணியாற்றிய படைவீரர்களால் பரவிய ஆட்டம் அது. முன்னாட்களில் இராணுவப் பூட்சுகளின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடினர் என்றும், கோல் காப்பவர் கிரிக்கெட் பேடுகளையே காலில் கட்டிக்கொண்டு நின்றனர் என்றும் அவ்வூர் முதியோர் கூறக் கேட்டோம். லே நகரின் கார்சூ குளம் குளிர்காலத்தில் ஆடுகளமாகும். இரவில் நீர் ஊற்றி ஊற்றிப் பனித்தளத்தை மெழுகுவர்; நம் வீட்டு முற்றத்தைச் சாணமிட்டு மெழுகும் அதே பொறுமை அவ்வேலைக்கும் வேண்டும். இம்மண்ணிலிருந்து எழுந்த பெண்களே இந்திய மகளிர் அணியில் பெரும்பாலோர். அவ்வணி 2016இல் பன்னாட்டுப் போட்டியில் முதன்முறையாகக் களமிறங்கியது. 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வென்று தன் முதல் வெற்றியைக் கண்டது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. அவ்வணியின் கோலைக் காத்தவர்களுள் நூர் ஜஹான் என்னும் லே நகரப் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். பழங்கலைப் பொருள்களைச் செப்பனிட்டுக் காக்கும் தொழில் உடையவர். காத்தல் என்பதே அவருக்கு இரு வகையிலும் தொழிலாயிற்று.

ஆட்டத்தை அறியாத நேயர்களுக்குச் சில சொல்வோம். கோலின் அகலம் 6 அடி. உயரம் 4 அடி. ஆடுவது பந்து அன்று. 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை ஏறத்தாழ 160 கிராம். உறைந்த குளத்தில் அவ்வட்டு கல்லாகவே இறுகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையிலிருந்து அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் புறப்படுவதுண்டு. அவ்வளவு வேண்டாம், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 20 அடி தொலைவிலிருந்து அடித்தாலே, அது கோலை அடைய 0.22 வினாடிதான் ஆகும். கண்ணால் கண்டு, மனத்தால் எண்ணி, கையை நீட்ட அந்நேரம் போதுமா? போதாது. ஆதலின் அடிப்பவரின் மட்டை, தோள், இடுப்பு ஆகியவற்றைப் பார்த்து, வட்டு புறப்படுமுன்னரே அதன் வழியில் நின்றுகொள்ள வேண்டும். கோல் காவலரின் கலை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது எனலாம்.

எம் மகள் இப்பொறுப்பை விரும்பி வேண்டிப் பெற்றவள் அல்லள். 2021ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அவளுக்குப் பத்து வயது முடிந்தபோது, தெருப் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்தனர். கோலில் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. மற்றவர்கள் ஓடிக் களிக்க, ஒருவர் மட்டும் நின்று அடிபட யார் இசைவர்? 'வெளியூர்ப் பெண்ணை நிறுத்துங்கள்' என்று எவனோ கூறினான். நின்றாள். அன்று மாலை வீடு திரும்பியவள், "அப்பா, இன்று பதினொன்று தடுத்தேன்" என்றாள். எத்தனை விட்டாய் என்று கேட்க எமக்கு மனம் வரவில்லை. அவள் முகம் அவ்வளவு ஒளியாக இருந்தது.

செய்தி தொலைபேசி வழியே சிவகங்கைக்கு எட்டியது. "பெண்பிள்ளையை நடுவில் நிறுத்திவைத்து ஆளாளுக்குக் கல்லெறிகிறார்களா? நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று அவளுடைய அப்பத்தா கொதித்தார். அக்கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. முகமூடி இல்லாமல் நிற்கக் கூடாது என்னும் விதியை அன்றே வகுத்தோம். தில்லியிலிருந்து வந்த ஒருவரிடம் பழைய கவசத் தொகுதி ஒன்றை விலைக்கு வாங்கினோம். முகமூடியை மட்டும் புதிதாகவே வாங்கினோம். காவல் பேடு சற்றுக் கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். முகமூடியின் கம்பி வளைந்திருந்தால் கண் போய்விடும்.

இனிக் கற்பது யாரிடம்? இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. மட்டை பிடிக்கவும் விரைந்து சறுக்கவும் சொல்லித்தர லே நகரில் மூத்த ஆட்டக்காரர்கள் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சியாளரும் குளிர்காலத்தில் சில வாரங்கள் வந்து போவர். கனடாவின் புகழ்பெற்ற வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் 2018 சனவரியில் லே நகருக்கு வந்து பெண்பிள்ளைகளோடு ஆடியதை அவ்வூரார் இன்றும் பேசுவர். ஆனால் கோல் காவலர்க்கென்று தனியே கற்பிப்பவர் அரியர். இக்குறை லடாக்குக்கு மட்டும் உரியது அன்று. ஆட்டம் பிறந்து வளர்ந்த கனடாவிலேயே நெடுங்காலம் கோல் காவலர் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றவர்கள்தாம். அணிக்குப் பயிற்சியாளர் இருப்பார். அவர் கோல் காவலரை நோக்கி, 'வட்டைத் தடு' என்பார். அவ்வளவே பாடம்.

அவ்வரலாற்றைப் படித்தபோது எமக்கு ஒருவகை ஆறுதல் உண்டாயிற்று. தேசிய ஹாக்கி லீகின் முதற்பருவம் 1917-18. அதன் தொடக்கத்தில் கோல் காவலர் விழுந்து தடுத்தல் குற்றம். நின்றே தடுக்க வேண்டும். கிளின்ட் பெனடிக்ட் என்பவர் தவறி விழுந்தவர்போல் விழுந்து விழுந்து தடுத்தார். அவரை அடக்க இயலாமல் 1918 சனவரியில் விதியையே தளர்த்தினர். பின்னர் 1950களில் கிளென் ஹால் என்பவர் முழங்கால்களை உட்புறமாக மடக்கி, முன்கால்கள் இருபுறமும் சிறகுபோல் விரியப் பனியில் அமரும் முறையைக் கையாண்டார். அதுவே பட்டாம்பூச்சி நிலை. அவர் முகமூடியின்றி 502 ஆட்டங்கள் இடைவிடாது ஆடியவர் என்பதைப் படித்தபோது எம் வயிறு கலங்கியது.

முகமூடியின் கதையையும் எம் மகள் பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். 1959 நவம்பர் 1ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், மான்ட்ரியால் அணியின் ஜாக் பிளான்ட் என்பவரின் முகத்தை வட்டு கிழித்தது. தையல் போட்டுக்கொண்ட அவர், பயிற்சியில் தாம் அணிந்துவந்த முகமூடியை அணிய விட்டாலன்றி மீண்டும் களம் புகமாட்டேன் என்றார். முகமூடி பார்வையை மறைக்கும் என்பது பயிற்சியாளரின் எண்ணம். ஆயினும் அக்காலத்தில் மாற்றுக் காவலரை உடன் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. வேறு வழியின்றி இசைந்தார். அன்று மான்ட்ரியால் 3-1 என்று வென்றது. அஞ்சியவன் என்று ஏளனம் செய்தவர்கள் வாய் மூடினர். அந்தப் பிளான்ட்தான் பின்னர் 1972இல் கோல் காக்கும் கலையைப் பற்றிப் பாடநூல் எழுதினார். சோவியத் நாட்டின் விளாடிஸ்லாவ் டிரெட்டியாக், 1972, 1976, 1984 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிகளின் காவலர். டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக் கண்ணையும் கையையும் பழக்கியவர். அவரும் நூல் எழுதினார். 1980களில் மான்ட்ரியாலில் பிரான்சுவா அல்லேர் என்னும் பயிற்சியாளர் பட்டாம்பூச்சி நிலையை அடி அடியாகப் பகுத்து ஒரு பாடத்திட்டமாக்கினார். அவரிடம் பயின்ற பாட்ரிக் ருவா, இருபது வயதில், 1986இல், தம் அணிக்கு ஸ்டான்லி கோப்பையைத் தேடித்தந்தார். அதன் பின்னரே கோல் காவலர்க்கும் ஆசிரியர் வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. நூலாக இருந்த பாடம் ஒளிநாடாவாயிற்று, ஒளிநாடா குறுந்தகடாயிற்று, இன்று கைபேசியில் கோடையிலும் குளிரிலும் கிடைக்கிறது.

கிடைப்பவை எல்லாம் பாடமாகா. யாம் கண்டவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அடிப்படையைக் கற்பிப்பவை. கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளின் பயிற்சியாளர்கள் இளையோர்க்கென்று ஆக்கியவை இவை. நிற்கும் நிலை, கத்திமுனையைப் பனியில் ஊன்றித் தள்ளும் முறை, பக்கவாட்டில் சிறுசிறு அடியாக நகர்தல், மண்டியிட்டபின் எந்தக் காலை முதலில் ஊன்றி எழுவது என்பன போன்றவற்றை மெதுவாகக் காட்டும். காண்பதற்குச் சுவை குறைந்தவை. பயனோ மிகப் பெரிது. கோல் காவலர் பிறரைவிடக் குறைவாக ஓடுவார், ஆதலின் சறுக்கத் தெரியாதவரை அங்கு நிறுத்தலாம் என்பது பலரின் எண்ணம். அக்காணொளிகள் முதலில் உடைத்தெறிவது அவ்வெண்ணத்தையே.

இரண்டாம் வகை, பனி இல்லாத இடத்திலும் செய்யத்தக்க பயிற்சிகள். பந்து பிடித்தல், ஒற்றைக்காலில் நிற்றல், கயிறு தாண்டுதல், உடலை வளைத்து நீட்டுதல் ஆகியன. ஆண்டில் இரண்டு மாதமே பனித்தளம் கிடைக்கும் ஊரில் இவையே அமுதம்.

மூன்றாம் வகை, ஒரே தடுப்பை மெதுவாக ஓட்டிக் காட்டி, எதனால் தடுத்தார், எதனால் விட்டார் என்று ஆராய்பவை. சற்று வளர்ந்தவர்க்கு இவை ஏற்றவை.

நான்காம் வகை, வியத்தகு தடுப்புகளின் தொகுப்பு. பாய்வதும் புரள்வதும் வானில் பறப்பதுமாக இருக்கும். செக் நாட்டு டொமினிக் ஹாசெக்கின் தடுப்புகளைக் கண்டு எம் மகள் வாய்பிளந்து நின்றாள். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்குத் தங்கம் தேடித்தந்த அவருடைய முறை எந்தப் பாடநூலிலும் அடங்காது. அது கண்டு மகிழ்வதற்கு உரியது, கற்பதற்கு உரியதன்று. சிறந்த காவலர் ஏற்ற இடத்தில் முன்னரே நின்றுவிடுவதால் பாய வேண்டிய தேவையே எழுவதில்லை. அத்தகைய தடுப்பை யாரும் தொகுத்துக் காட்டுவதில்லை. அது பார்வைக்கு எளிதாகத் தோன்றுகிறதே!

எமக்கு ஐஸ் ஹாக்கி தெரியாது. பனியில் நிற்கவும் வராது. ஆயினும் யாம் செய்யக்கூடிய பணி ஒன்று இருந்தது. கனடா நாட்டு ஆங்கிலம் விரைந்து ஓடும். சிறுமிக்கு முழுதும் விளங்காது. குளிர்காலத்தில் இணைப்பும் அடிக்கடி அறும். ஆதலின் இணைப்பு வாய்த்த இரவுகளில் காணொளியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பாடத்தைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். 'தலை முன்னே, தோள் அதன் பின்னே, கால் கடைசியில்.' 'வட்டைப் பார். மட்டைக்காரன் முகத்தைப் பாராதே.' 'தடுத்தாயிற்று என்று மகிழாதே. திரும்பிய வட்டு எங்கே?' இப்படி ஒவ்வொரு பாடத்தையும் ஓரிரு வரியாகச் சுருக்கினோம். அவள் அவற்றை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்தாள். தமிழை வீட்டில் பேச மட்டும் வைத்துக்கொள்ளாமல், புதியதொன்றைக் கற்கும் கருவியாகவும் கொள்ளலாம் என்பதை அவ்விரவுகளில் உணர்ந்தோம். தமிழ் எழுதப் படிக்க முன்பெல்லாம் சலித்துக்கொண்டவள், தன் குறிப்பேட்டில் எழுத்துப்பிழை கண்டால் எம்மையே திருத்தலானாள்.

காணொளிகளில் கண்டவற்றுள் எளியதும் சிறந்ததும் கயிற்றுப் பாடம். கோலின் இரு கம்பங்களிலும் கயிறு கட்டி, இரு முனைகளையும் வட்டு இருக்கும் இடத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். அக்கயிறுகளுக்கு நடுவே உள்ள இடமே காக்க வேண்டிய இடம். வட்டு 20 அடி தொலைவில் நேரே இருந்தால், கோலின் கோட்டில் நிற்பவர் 6 அடி அகலம் காக்க வேண்டும். 5 அடி முன்னே வந்தால் நாலரை அடி. 10 அடி வந்தால் மூன்றே அடி. எம் வீட்டு மொட்டைமாடியில், இரண்டு தகர டின்களுக்கு நடுவே சணல்கயிறு கட்டி இதை அளந்து பார்த்தோம். "அப்படியானால் எப்பொழுதும் முன்னே வந்து நின்றால் போதுமே" என்றாள். வட்டை அடிக்காமல் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டால்? முன்னே வந்தவள் அத்தனை தூரம் பின்னும் பக்கமும் ஓட வேண்டும். எவ்வளவு முன்னே வருவது என்பதே கலை. வடிவக் கணிதம் கசப்பாக இருந்தவளுக்கு அன்றுமுதல் முக்கோணம் தோழியாயிற்று.

கண் பயிற்சிக்கு மிச் கோர்ன் என்னும் அமெரிக்கப் பயிற்சியாளர் வெள்ளை நிற வட்டுகளைப் பயன்படுத்துவார். வெண்பனியில் வெள்ளை வட்டைத் தேடிப் பழகிய கண்ணுக்குக் கறுப்பு வட்டு பெரிதாகத் தெரியும் அன்றோ? வெள்ளை வட்டுக்கு யாம் எங்கே போவோம்? சுண்ணாம்பு அடித்த சுவரில் மேசைப்பந்தை எறிந்து பிடிக்கச் செய்தோம். அவள் தம்பிக்கு எறிவதற்கு உரிமை கிடைத்ததில் பெருமகிழ்ச்சி.

இவ்வாறு ஒன்றரை ஆண்டு நன்றாகவே நடந்தது. 2023ஆம் ஆண்டின் முடிவில் வந்த குளிர்காலத்தில் ஒரு மாற்றம் கண்டோம். படியேறும்போது கைப்பிடியைப் பற்றினாள். தரையில் சம்மணமிட்டு உண்பவள் முக்காலி தேடினாள். கேட்டால், "ஒன்றுமில்லை அம்மா" என்றாள். எம் கண்ணுக்குத் தெரியாததை ஒருவர் கண்டார். குளத்தில் மூத்த பெண்கள் அணிக்குக் கோல் காத்த ஒருவர். எம் மகள் அவரை அவ்வூர் வழக்கப்படி 'அச்சே-லே' என்பாள், அக்கா என்பது பொருள். அவர் எம் வீட்டுக்கே வந்தார். "நோமோவின் இடுப்பு வலிக்கிறது, உங்களிடம் மறைக்கிறாள். இனி ஆட விடமாட்டீர்கள் என்று அஞ்சுகிறாள்" என்றார்.

நடந்தது இதுதான். கோல் கம்பத்தை ஒட்டி ஒரு முழங்காலைப் பனியில் கிடத்தி, மறுகாலால் உந்திக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும் புதிய முறை ஒன்றைத் தொழில்முறைக் காவலர் பலர் இன்று கையாளுகின்றனர். காணொளிகளில் அது மிக அழகாகத் தோன்றும். அதையும் பட்டாம்பூச்சி நிலையையும் இவள் நாள்தோறும் அறையில் நூற்றுக்கணக்கான முறை தனியே பயின்றிருக்கிறாள். முழங்காலை உட்புறம் திருப்பித் திருப்பி அமர்வதால் தொடை எலும்பின் தலையும் இடுப்புக் குழியின் விளிம்பும் உரசும். வளரும் எலும்புக்கு அது ஆகாது. பட்டாம்பூச்சி முறையில் ஆடும் காவலர்களுக்கு இடுப்புக் கோளாறு மிகுதியாக வருவதை மருத்துவர் நன்கு அறிவர். எம் மகளைப் பரிசோதித்த மருத்துவரும் அதையே கூறினார்: ஆறு வாரம் முழு ஓய்வு, பிறகு இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி, நாளொன்றுக்கு மண்டியிடுவதற்கு ஓர் எல்லை, வலி தொடங்கினால் அன்று ஆட்டம் இல்லை. நல்வேளையாக எலும்புக்குக் கேடு நேரவில்லை.

அந்த ஆறு வாரமும் எம் வீட்டில் பேச்சு குறைந்தது. புகாரி அருகே அமர்ந்து அவள் குளத்தின் ஆரவாரத்தைச் சாளரம் வழியே கேட்டுக்கொண்டிருப்பாள். ஏகலைவன் கதையை நாம் அனைவரும் அறிவோம். துரோணரின் மண்ணுருவை வைத்து வில் பயின்றான், கட்டைவிரலை இழந்தான். காணிக்கை கேட்ட குருவை நாம் குறை கூறுகிறோம். ஆனால் அவன் பயின்ற நாளெல்லாம் அம்மண்ணுரு அவனை ஒருமுறையேனும் பார்த்ததா? தோள் சாய்ந்திருக்கிறது, சற்று இளைப்பாறு என்று சொல்லிற்றா? காணொளியும் அத்தகையதே. நாம் அதனைக் காண்கிறோம். அது நம்மைக் காண்பதில்லை. முப்பது வயதுத் தொழிலாளியின் உடலுக்கு உரியதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் செய்கிறாள் என்பது அதற்குத் தெரியாது. கற்பிக்கும் திறன் அதற்கு உண்டு. நோகிறதா என்று கேட்கும் வாய் இல்லை.

அச்சே-லே ஒரு வழி சொன்னார்: படம் பார்க்கும் கைபேசியைத் திருப்பிப் பிடித்துப் படம் எடுங்கள் என்பதே அது. ஓய்வு முடிந்தபின் அவ்வாறே செய்தோம். குளக்கரையில் நின்று அவள் ஆடுவதைப் பதிந்து, இரவில் அவளும் அச்சே-லேயும் சேர்ந்து பார்ப்பர். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது என்பது அவர் வகுத்த விதி. முதல் வாரம், கைமட்டை பனியை விட்டு மேலெழுகிறது. அடுத்த வாரம், வட்டு வருமுன்னே மண்டியிட்டு விடுகிறாள். 'விழுவதற்கு அவசரப்படாதே, நிற்கத் தெரிந்தவளே விழத் தெரிந்தவள்' என்று அவர் சொன்னதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டாள். அதன்பின் காணொளிகள் முன்னைவிடப் பயன் தந்தன. எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது அன்றோ?

2024 மே மாதம் யாவரும் அறிந்த விருந்தாளி வந்தது: மாற்றல் ஆணை. நாக்பூர்! பனியேது, குளமேது? கோடையில் 45 பாகை கொதிக்கும் ஊர். பெட்டிகளைக் கட்டும்போது தன் காவல் பேடுகளை யாருக்கேனும் கொடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். சொல்லும்போது எம்மைப் பார்க்கவில்லை. இடம் மாறும் குடும்பங்களில் பிள்ளைகள் இப்படி எத்தனை பொருள்களை ஓசையின்றி இறக்கி வைக்கின்றனர் என்பதை எண்ணி எம் நெஞ்சு கனத்தது. பேடுகளை அச்சே-லே வாங்கிக்கொண்டார். "இவை என் வீட்டில் இருக்கும், கொடுத்துவிட்டதாகக் கருத வேண்டாம். குளிர்காலத்தில் நோமோவை அனுப்புங்கள்" என்றார்.

அனுப்புவதா என்பதில் எங்களுள்ளேயே இரு கருத்து. நாக்பூர்ப் பள்ளிக்குச் சனவரியில் விடுமுறை இல்லை. செலவும் மிகுதி. இந்த ஆட்டத்தால் என்ன வேலை கிடைக்கும் என்னும் கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. பல இரவு பேசியும் முடிவு எட்டாமல், சிவகங்கைக்குத் தொலைபேசியில் கேட்டோம். அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளை வலியை மறைத்ததே ஆட்டம் போய்விடுமே என்றுதானே? இப்போது ஆட்டத்தைப் பிடுங்கினால் இனி எதையும் உங்களிடம் சொல்லமாட்டாள். போய்வரட்டும்" என்றார். கல்லெறிகிறார்களா என்று கேட்ட அதே வாய்!

2025 சனவரியில் மூன்று வாரம் சென்று வந்தாள். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அம்மாதம் லே நகரில் நடந்தன. தேர்ந்த காவலர்களின் ஆட்டத்தை அருகிலிருந்து கண்டாள். தெரு அணிக்காக ஒரு போட்டியில் தானும் நின்றாள். ஐந்து கோல் விட்டாள், அணி தோற்றது. அச்சே-லே பதிந்து அனுப்பிய படத்தை அன்றிரவே நாக்பூரில் யாம் பார்த்தோம். ஐந்தில் மூன்று, கம்பத்தருகே முழங்காலிட்டபோது தோளுக்கு மேல் நுழைந்தவை. தொலைபேசியில் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். "அம்மா, மூன்றும் ஒரே குறைதான், நின்றிருந்தால் தடுத்திருப்பேன்" என்றாள். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டோம். "இரண்டாம் நாள் கொஞ்சம் வலித்தது, சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்" என்றாள். எமக்கு அதுவே பதக்கம்.

இப்போது நாக்பூரில் காலை ஐந்தரை மணிக்கு, வெயில் ஏறுமுன், மொட்டைமாடிச் சுவரில் டென்னிஸ் பந்து மோதும் ஓசை கேட்கிறது. கீழ்வீட்டு மராத்தி அம்மையார் முதலில் சினந்தார். இப்போது தம் பேரனையும் மேலே அனுப்புகிறார்.

நம் குடும்பத்துப் பெற்றோர்க்கு யாம் கூற விரும்புவன சில. பிள்ளை எந்த விளையாட்டைக் காணொளி வழியே கற்றாலும், முதலில் அருகமர்ந்து நீங்களும் காணுங்கள். வியக்கவைப்பவற்றை ஒதுக்கி, அடிப்படை கற்பிப்பவற்றைத் தேர்ந்து கொடுங்கள். தொழில்முறை ஆட்டக்காரரின் உத்திகளை வளரும் உடலுக்கு அப்படியே ஏற்றாதீர்கள். பாதுகாப்புக் கவசத்தில் சிக்கனம் வேண்டாம். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சறுக்குக் காலணியின் கத்தி கழுத்தில் பட்டு ஓர் ஆட்டக்காரர் உயிர்நீத்தபின், பன்னாட்டு ஐஸ் ஹாக்கிச் சம்மேளனம் தன் போட்டிகளில் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கிற்று. அதுகாறும் அதை வீண்செலவு என்றவர் பலர். பிள்ளையை நேரில் பார்த்துத் திருத்தவல்ல ஒருவரை, அவர் பேரறிஞராக இல்லாவிடினும், அவ்வூரிலேயே தேடிக்கொள்ளுங்கள். அவர் பேசும் மொழி நம் மொழியாக இல்லாதிருக்கலாம். அவரை அக்கா என்று எம்மொழியில் அழைத்தால் என்ன? குறிப்பேடு தமிழில் இருக்கட்டும். வலித்தால் வீட்டில் சொல்லலாம் என்னும் துணிவை, ஆட்டம் கற்கும் முன்னரே, பிள்ளைக்கு ஊட்டிவிடுங்கள்.